படர்க்கை இறைவனும் முன்னிலை இறைவனும்

அச்சம் அகன்றால் அமைதி பிறக்கும் என்பது உலகோர் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணம். இறைவனை நம்புவோனுக்கு அச்சம் அகன்றுவிடும் என்பது அவ்வெண்ணத்தின்மேல் எழுப்பப்பட்ட இரண்டாம் மாடி. இவ்விரண்டையும் கூட்டிப் பார்க்கையில், அஞ்சுகின்றவன் எவனோ அவன் நம்பிக்கையில் குறைபட்டவன் என்னும் கொடிய முடிவு தானாகவே வந்து நிற்கிறது. நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு இம்முடிவைக் கூசாமல் சொல்லும் நல்லோர் எல்லாச் சமயங்களிலும் உளர், கிறித்தவத்திலும் உளர். அச்சமயத்தின் மூலநூலும், அதன்வழி நின்ற சிலருடைய வாழ்வும் இம்முடிவுக்கு இடம் தருகின்றனவா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சாதிருத்தல் அறியாமை என்று வள்ளுவர் வகுத்துவிட்டமையால், தமிழர்க்கு அச்சம் முழுவதும் இழிந்த பொருளன்று. விவிலியமோ பக்கந்தோறும் ‘அஞ்சாதே’ என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக அச்சொல் 365 முறை வருகிறது என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள் அத்தனை இல்லை என்கின்றனர். அது கிடக்க, எத்தனை முறை வந்தால் என்ன? அஞ்சாதவனிடம் போய் எவரும் ‘அஞ்சாதே’ என்று சொல்லுவதில்லை. அச்சொல் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னே நிற்கிறார் என்பதே பொருள். ஆகவே அது வீரர்களின் நூல் அன்று, நடுங்கினவர்களின் நூல்.

கலிலேயக் கடலில் எழுந்த புயலை எடுத்துக்கொள்வோம். மாற்கு எழுதிய நற்செய்தியில் அது மிகச் சுருக்கமாக வருகிறது. படகில் நீர் நிறைகிறது. இயேசு பின்புறத்தில் தலையணைமேல் தலைவைத்து உறங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்புகின்றனர். பணிவோடு எழுப்பவில்லை, நாங்கள் மடிவது பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்று குறைகூறி எழுப்புகின்றனர். 2020 மார்ச் 27 அன்று மாலை, மழையில் நனைந்த, ஆளரவமற்ற உரோமைப் பெருமுற்றத்தில் திருத்தந்தை பிரான்சிசு தனியே நின்று உலகுக்கு எடுத்துரைத்தது இப்பகுதியைத்தான். அந்நாட்களில் நம் மைசூரும் அடைபட்டுக் கிடந்தது. நஞ்சன்கூட்டில் நோய் பரவிய செய்தி வந்தபின் அண்டை வீட்டாரின் இருமல்கூட நமக்கு அச்சமாயிற்று. 1933இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய புனித பிலோமினா பேராலயம், எல்லாச் சமயத்தாரும் வந்து மெழுகுதிரி ஏற்றிச் செல்லும் அவ்விடம், திரியின்றிக் கிடந்தது.

இப்புயற்கதையில் இயேசு சீடர்களைக் கடிந்துகொள்கிறாரே, நம்பிக்கையில்லையா என்று கேட்கிறாரே, அச்சம் நம்பிக்கைக் குறைவு என்பதற்கு அதுவே சான்றன்றோ எனச் சிலர் வினவக்கூடும். முறையான வினாவே. ஆனால் மாற்கு சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் காற்று அடக்கப்படுகிறது. அதன் பின்னரே அக்கேள்வி எழுகிறது. நம்பிக்கை வரட்டும், பிறகு உதவுகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. புயல் அடித்தபோது இருந்ததைவிடப் புயல் அடங்கியபின் சீடர்கள் மிகுதியாக அஞ்சினர் என்று மாற்கு எழுதுகிறார். காற்றுக்கு அஞ்சியவர்கள், இப்பொழுது தம் படகிலேயே இருப்பவர் யார் என்று அஞ்சுகின்றனர். இறையிருப்பை உணர்ந்தோர்க்கு அச்சம் அற்றுப்போகும் என்னும் வாய்ப்பாடு இங்கே பொருந்தவே இல்லை.

சமயம் அச்சத்தில் பிறந்தது என்பது அறிவாளர் கூற்று. பெர்ட்ரண்டு இரசல் 1927இல் இலண்டனில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இதனை வலியுறுத்தினார். நம் நாட்டுப் பகுத்தறிவாளரும் வலியுறுத்தினர். அதில் உண்மை இல்லை என்று சொல்லத் துணியேன். பரீட்சைக் காலத்திலும் பணிமாற்ற ஆணை வரும் காலத்திலும் கோயில்களில் கூடும் கூட்டம் நமக்குத் தெரியாததன்று. எனினும் அச்சத்தாலேயே மனிதன் ஒரு கடவுளைச் செய்துகொள்வானாயின், எதற்கும் அஞ்சாத, இரும்பைப் போன்ற கடவுளையல்லவா செய்துகொள்வான்? கெத்சமனித் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இத்துன்பக் கிண்ணம் அகலலாகாதா என்று இறைஞ்சும் ஒருவரை எவன் செய்வான்? வியர்வை இரத்தத் துளிகளைப் போல் நிலத்தில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். உடன் விழித்திருக்கச் சொன்ன நண்பர் மூவரும் உறங்கிப்போயினர். புயலில் அவர் உறங்க இவர்கள் அஞ்சினர். தோட்டத்தில் அவர் அஞ்ச இவர்கள் உறங்கினர். இந்த இரண்டாம் காட்சியைப் பற்றிய சொற்பொழிவுகள் குறைவாகவே இருப்பதேன் என்று நான் வியந்ததுண்டு.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அது ஓர் இலக்கணச் செய்தி.

விவிலியத் திருப்பாடல்களில் இருபத்துமூன்றாவது மிகவும் அறியப்பட்டது. ஆண்டவரை ஆயராகப் பாடுவது. அதன் தொடக்க அடிகளில் இறைவன் படர்க்கையில் நிற்கிறார்: அவர் மேய்க்கிறார், அவர் நீர்நிலைக்கு நடத்துகிறார், அவர் உயிரைத் தேற்றுகிறார். பசும்புல்லும் தெளிந்த நீரும் உள்ளவரை ‘அவர்’ என்பதே போதுமாயிருக்கிறது. சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கு வந்தவுடன் பாடல் திடீரென்று இடம் மாறிவிடுகிறது. அங்கே ‘அவர்’ இல்லை. ‘நீர் என்னோடிருக்கிறீர்’ என்னும் பொருளில் முன்னிலை வந்துவிடுகிறது. எபிரேய மூலத்திலும் அப்படியே, நம் தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அப்படியே. புல்வெளியில் இறைவனைப் பற்றிப் பேசியவன், இருட்டில் இறைவனோடு பேசுகிறான். பள்ளத்தாக்கு நீங்கியதாகவோ, அங்கே வெளிச்சம் வந்ததாகவோ பாடல் சொல்லவில்லை. மாறியது இடம் ஒன்றே, இலக்கண நூலார் சொல்லும் இடம்.

அலுவலகக் கோப்புகளிலேயே ஆயுளின் பாதியைக் கழித்துவிட்ட எனக்கு இந்த இடமாற்றம் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கோப்பில் முன்னிலை கிடையாது. ‘மனுதாரர்’ என்போம், ‘மேற்படியார்’ என்போம். அம்மனுதாரர் மேசைக்கு எதிரே வந்து நின்று கண்கலங்கிய பின்புதான் அவர் ‘நீங்கள்’ ஆகிறார். அதுவரை அவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும், பிழையொன்றும் இராது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் பிரித்துக் காட்டுகிறார். ‘எனக்குத் தந்தான்’, ‘உனக்குத் தந்தான்’. ஆனால் ‘அவனுக்குக் கொடுத்தான்’. ‘என்னிடம் வந்தான்’, ‘உன்னிடம் வந்தான்’; ஆனால் ‘அவனிடம் சென்றான்’. இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. ஆயினும் வருகை என்பது எதிரெதிர் நிற்கும் இருவரிடையே நிகழ்வது என்னும் நுட்பம் அதில் அடங்கியுள்ளது. இறைவன் வருகிறார் என்பதைத் தொல்காப்பிய நெறிப்படி சொல்ல வேண்டுமானால், நானும் நீயுமாகத்தான் சொல்ல இயலும்.

2021இன் கோடையில் நோயின் இரண்டாம் அலை வந்தபோது, என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தார். அண்டையிலுள்ள சாமராஜநகர மாவட்ட மருத்துவமனையில் பிராணவாயுத் தட்டுப்பாட்டால் பலர் உயிரிழந்த செய்தி அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் வந்து எல்லாரையும் கலக்கியிருந்த சமயம். நண்பரின் தாயார், மார்த்தள்ளிப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தவர். தொலைபேசியில் அவரைத் தேற்ற முயன்ற ஒருவர், பயப்படுவது பாவம் என்றும், துதித்துக்கொண்டே இருங்கள் என்றும் அறிவுரை கூறினாராம். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. நள்ளிரவில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, “சேசுவே, எங்கே போய்த் தொலைஞ்சே? எம்புள்ள மூச்சு விடமுடியாம கிடக்கிறான், நீ தூங்கிக்கிட்டிருக்கியா?” என்று அவர் சண்டையிட்டதை மருமகள் கேட்டிருக்கிறார். செபப்புத்தகத்து ‘நீர்’ அங்கே ‘நீ’ ஆகிவிட்டது. படகிலிருந்த சீடர்களின் சொற்களையே தாம் திரும்பச் சொல்லுகிறோம் என்பது அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ.

நண்பர் பத்தொன்பதாம் நாள் வீடு திரும்பினார். அடுத்த கட்டிலில் இருந்த இளைஞன் திரும்பவில்லை. அம்மையாரைப் பின்னர் ஒருநாள் கண்டு, கடவுள் காப்பாற்றிவிட்டார் அம்மா என்று நான் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அந்தப் பையனோட அம்மாவும் என்னைமாதிரிதானே கூப்பிட்டிருப்பா” என்றார். அன்றிரவு முழுதும் பயம் போகவேயில்லை என்றும், ஆனால் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க முடிந்தது என்றும் சொன்னார். சமாதானம் என்னும் சொல்லை அவர் கையாளவே இல்லை. அடுப்பு மூட்டியதைச் சொன்னார்.

இறைவனோடு இவ்வாறு வழக்காடுவது தமிழர்க்குப் புதிதன்று. கண்ணிழந்த சுந்தரர் தம் இறைவனை எவ்வளவு உரிமையோடு இடித்துரைத்தார் என்பதைப் பெரிய புராணம் படித்தோர் அறிவர். வன்றொண்டர் என்னும் பெயர் அவருக்குச் சும்மா வந்ததன்று. படர்க்கையில் வைத்து வாழ்த்துவதைவிட முன்னிலையில் வைத்து வைவது நெருக்கமானது.

கிறித்தவ இலக்கியத்தில் இதனை நன்கு கண்டவர் சான் பனியன். பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். அவருடைய ‘பரதேசியின் மோட்சப் பயணம்’ என்னும் கதையைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழ்க் காப்பியமாகத் தந்தார். பனியனின் கதைத்தலைவன் எத்தனையோ போர்களில் வென்றவன்; ஆனால் கடைசியாக மரண ஆற்றில் இறங்கும்போது நடுங்கி மூழ்கத் தொடங்குகிறான். துணைவன் ஒருவன் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கரைசேர்க்கிறான். அதே ஆற்றை, ‘அறியாமை’ என்னும் பெயருடைய இன்னொருவன், ‘வீண்நம்பிக்கை’ என்னும் ஓடக்காரனின் படகிலேறி அச்சமேயின்றி எளிதாகக் கடந்துவிடுகிறான். நகர வாயிலில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அச்சமின்மையை நம்பிக்கையின் அளவுகோலாகக் கொள்வோர் இப்பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

காக்கப்பட்டவரின் கதையைச் சொல்வது எளிது. அத்தகைய கதை ஒன்று நம் ஊருக்கு மிக அருகிலேயே நடந்திருக்கிறது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழைக் கற்று, திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய செருமானியர் சுவார்ட்சு ஐயர், 1779இல் சென்னை அரசின் வேண்டுகோளை ஏற்றுத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தார். ஹைதர் அலியின் பெயரைக் கேட்டாலே கும்பினிக்காரர் கலங்கிய காலம். ஐயரோ ஹைதரைக் கண்டு பேசினார். அவர் படையிலிருந்த ஐரோப்பியரைக் கூட்டி வழிபாடு நடத்தினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் அளித்த பணமுடிப்பைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே மைசூர்ப்படை சோழமண்டலச் சமவெளியில் இறங்கியது. எனினும், ஐயருக்குத் தீங்கு செய்யாமல் வழிவிடுக என்று ஹைதர் தம் தளபதிகளுக்கு ஆணையிட்டிருந்தார். போர்ப் பஞ்சத்தில் தஞ்சைக் கோட்டையில் மக்கள் பட்டினியால் மாண்டபோது, உழவர்கள் அரசின் வாக்கை நம்ப மறுத்து ஐயரின் வாக்கை நம்பி நெல் கொண்டுவந்தனர். 1798இல் தஞ்சையிலேயே மறைந்தார். அவர் அச்சமின்றி நடமாடியதைக் கண்டு, கடவுள் கூட இருந்தார் என்று எவரும் சொல்லிவிடலாம்.

காக்கப்படாதவரைப் பற்றி என்ன சொல்வது? இவ்வினாவுக்கு முகங்கொடுக்காமல் இறைத்துணையைப் பற்றிப் பேசுவது, வசதியான பாதியை மட்டும் பேசுவதாகும். ஆகவே தேவசகாயம் அவர்களை நினைக்க வேண்டியிருக்கிறது. பெயரே ‘கடவுளின் உதவி’.

அவர் பிறந்தது 1712இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் அரசு அலுவலராயிருந்தார். அரசு ஊழியன் என்ற முறையில் எனக்கு அவரிடம் ஒரு தனிப்பற்று உண்டு. 1741 குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான தெ லனாய் அவருக்கு நண்பரானார். (உதயகிரிக் கோட்டையிலுள்ள தெ லனாயின் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாய்ப்புள்ளோர் சென்று காண்க.) குடும்பத்தில் இழப்புமேல் இழப்பு வந்து நீலகண்டன் மனமுடைந்திருந்த வேளையில் தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழிச் செய்தி.

எத்தனையோ கதைகள் இருக்க யோபுவின் கதையைத் தேர்ந்தது வியப்புக்குரியது. மனந்தளர்ந்தவனைத் தேற்றுவதற்கு ஏற்ற கதை அன்று அது. செல்வமும் மக்களும் உடல்நலமும் பறிபோன ஒருவன் சாம்பலில் அமர்ந்து, ஏன் என்று கேட்கிறான். நண்பர்கள் வருகின்றனர். நீ ஏதோ பிழை செய்திருப்பாய், கடவுள் நீதியுள்ளவர், அவர் தவறார் என்று அதிகாரம் அதிகாரமாக உரைக்கின்றனர். அவர்கள் சொல்வது பெரும்பாலும் பக்தியான பேச்சே. ஆனால் நூல் முழுவதும் தேடினாலும் அவர்கள் கடவுளை நோக்கி ஒரு சொல் பேசியதாகக் காண முடியாது. யோபுவோ நிந்திக்கிறான், மன்றாடுகிறான், என்னை விட்டுவிடும் என்கிறான், எங்கே இருக்கிறீர் என்கிறான். கடவுளை நோக்கியே சொல்லுகிறான். முடிவில் கடவுள் சினந்துகொள்வது நண்பர்கள்மேல். யோபுவே என்னைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்கிறார். ஏன் துன்பம் என்ற கேள்விக்கு இறுதிவரை விடை வரவில்லை. காதால் கேள்விப்பட்டிருந்தவரை இப்போது கண்ணால் கண்டேன் என்று யோபு அமைகிறான். அவனுக்குக் கிடைத்த அமைதி அதுதான்.

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவர்களிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழ் வடிவம் அது. 1749இல் சிறைப்பட்டார். காரணம் சமயமாற்றமே என்று திருச்சபையும், அரசியல் குற்றச்சாட்டே என்று திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர் சிலரும் கூறுவர்; அவ்வழக்கை இங்கே தீர்ப்பது என் வேலையன்று. ஏறத்தாழ மூன்றாண்டுகள் விலங்கோடு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். எருமைமேல் பின்னோக்கி ஏற்றி ஊர்வலம் விட்டதும், புண்களில் மிளகுப்பொடி தூவியதும் மக்கள் நினைவில் இன்றுவரை நிலைத்துள்ளன. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுடுமுன் இறைவேண்டலுக்குச் சிறிது நேரம் கேட்டார் என்பது மரபு. எஞ்சிய உடல் கோட்டாற்றுப் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றது.

‘கடவுளின் உதவி’ என்று பெயர் பெற்றவருக்கு வாய்த்த உதவி எது? ஹைதரின் ஆணை போல் ஓர் ஆணை வந்திருக்கலாம், வரவில்லை. பாதுகாப்பே இறையிருப்பின் அடையாளம் என்றால், சுவார்ட்சு ஐயரோடு கடவுள் இருந்தார், தேவசகாயத்தோடு இல்லை என்று சொல்ல நேரும். அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த கட்டிலில் இறந்த இளைஞனின் தாயை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் எழாது. சிலுவையில் தொங்கியவரே, ஏன் கைவிட்டீர் என்று பழைய திருப்பாடல் ஒன்றின் சொல்லால் கதறினார். கைவிடப்பட்டேன் என்பதையும் கைவிட்டவர் முகத்தை நோக்கியே சொன்னார். காற்றாடி மலையில் கேட்கப்பட்ட அந்தச் சிறிது நேரம், எனக்குத் தோன்றும் அளவில், தப்பிப்பதற்கான அவகாசம் அன்று. இன்னும் ஒருமுறை ‘நீர்’ என்று சொல்லுவதற்கான அவகாசம். யோபுவின் கதையைக் கேட்டுத் தொடங்கியவர் வேறெதைக் கேட்டிருப்பார்?

2012இல் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. புனிதர் பட்ட விழாவில் அவர் பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்டிருந்தது. நல்ல காரியம், உதவி என்னும் பெயருக்குப் பின்னால் ஒட்டு எதற்கு?

விழாக்களில் அவ்வளவாகப் பேசப்படாதவர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி பார்கவி அம்மாள். கணவரைப் பின்பற்றி மதம் மாறுவதற்கு முதலில் அவர் அஞ்சினார் என்றும், சுற்றத்தார் பழிப்பார்களே எனத் தயங்கினார் என்றும் சொல்வர். பின்னர் ஞானப்பூ என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அவர் அஞ்சியது அனைத்தும், அதற்கு மேலும், நடந்தது. கணவரின் மரணத்துக்குப்பின் சொந்த ஊரைவிட்டு வடக்கன்குளத்துக்கு வந்து, பதினான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1766இல் மறைந்து, அவ்வூர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.